இசைக்குழு நிர்வாகங்களுக்கு: கற்பிப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய சிம்பொனி இசைக்குழு நிர்வாகிகளுக்கும் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். குழுவின் முன்னால் நின்று கையசைவால் இசையை வழிநடத்தும் தலைமை நடத்துநரைத் (conductor) தேடும்போது, எந்தெந்த நாடுகளில் நடத்தினார், எத்தனை ஒலிப்பதிவுகள் வந்தன என்று பார்க்கிறீர்கள். யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்பது அபூர்வம். அதையும் கேளுங்கள். கேட்டதோடு விடாமல், கற்பிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வயலின் படிப்பவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கச் சாதகம் செய்யலாம். நடத்துநராக விரும்புகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய வாத்தியமே எண்பது பேர் கொண்ட குழுதான். ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பை, மனப்பாடம் செய்யலாம், கண்ணாடி முன் கையசைத்துப் பார்க்கலாம். ஆனால் கை தெளிவில்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பது, எதிரே ஆட்கள் உட்கார்ந்து வாசித்தால்தான் தெரியும். அந்த ஆட்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள்.

பின்லாந்தைப் பாருங்கள். 1965 முதல் 1972 வரை ஹெல்சின்கி பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வழிநடத்திய யோர்மா பனுலா, 1973 முதல் 1993 வரை அந்நாட்டின் இசைக் கல்லூரியான சிபேலியஸ் அகாடமியில் பேராசிரியராக இருந்தார். மாணவர்களை வாசிக்கும் குழுவின் முன்னால் நிறுத்தி, வீடியோ எடுத்து, அப்புறம் அவர்களையே பார்க்க வைத்தார். உலகப் புகழ்பெற்ற நடத்துநர்களான எசா-பெக்கா சலோனென், சகாரி ஓராமோ, ஒஸ்மோ வான்ஸ்கா எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். அறுபது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் இது ஏதோ அதிசயம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. நின்று பழக அவர்களுக்கு மேடை கிடைத்தது.

ரஷ்யாவின் லெனின்கிராடு கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் இலியா மூசினும் பல பத்தாண்டுகள் கற்பித்தார். பெயர்பெற்ற நடத்துநர்களான தெமிர்கானோவ், பிச்கோவ், கெர்கியெவ் அவருடைய மாணவர்கள். எத்தனை நாடுகள், எத்தனை ஒலிப்பதிவுகள் என்ற உங்கள் வழக்கமான அளவுகோலில் மூசின் தேறியே இருக்க மாட்டார் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கச்சேரிகளுக்கு நடுவே கற்பிக்க நேரம் ஏது என்பீர்கள். நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரான 1958ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இளையோருக்கான தொலைக்காட்சிக் கச்சேரிகளையும் தொடங்கினார். 1972க்குள் 53 நிகழ்ச்சிகள். 1990இல் உடல் தளர்ந்த நிலையிலும் இளம் கலைஞர்களுக்கான இசை விழாவைத் தொடங்கிவைக்க ஜப்பானின் சப்போரோவுக்குப் போனார். அந்த அக்டோபரில் காலமானார்.

செலவும் ஒரு காரணம்தான், சரி. முழுக் குழுவின் ஒத்திகை நேரம் விலை உயர்ந்தது. அதனால் தனி நாள் ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒத்திகை பார்த்து முடித்த படைப்பில், வழக்கமான நேரத்துக்குள்ளேயே, அரை மணி நேரம் ஒரு மாணவர் நடத்தட்டும். தலைமை நடத்துநர் அரங்கில் உட்கார்ந்து கவனிக்கட்டும். பிறகு அவர் மட்டுமல்ல, வாசித்தவர்களும் அந்த மாணவரிடம் பேச வேண்டும். எந்த அசைவு உதவியது, எது குழப்பியது என்பதை அவர்களைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்?

புகைப்படத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பயிலரங்கு வேண்டாம். தலைமை நடத்துநர் உங்கள் ஊரில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் இது நடக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் கச்சேரிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இந்த அரை மணி நேரத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓர் இசை ஆசிரியர்