புதினாத் தண்டு வேண்டுவோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு சந்திப்புக்குப் புதினாத் தண்டு ஒரு பை நிறைய எடுத்து வருகிறேன், வேண்டியவர்கள் ஈரத்துணி கொண்டு வாருங்கள்.

கடையில் வாங்கிய புதினாவை நட்டால் காய்ந்துவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். இலை ஆய்ந்த பிறகு மிஞ்சும் தண்டில் கொஞ்சம் முற்றியதாகப் பார்த்து, கீழ்க்கணு மூழ்கும்படி டம்ளர் தண்ணீரில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினால் 7 முதல் 10 நாளில் வெள்ளை வேர் தெரியும், அப்புறம் தொட்டிக்கு மாற்றுங்கள். காலை வெயில் 3, 4 மணி நேரம் போதும், சித்திரை வெயிலில் நிழல்தான்.

தயவுசெய்து தனித் தொட்டி! நான் கறிவேப்பிலை அடியில் நட்டு, தொட்டி முழுக்கப் புதினா ஓடி, பிடுங்கப் பிடுங்க முளைத்து, பட்ட பாடு போதும். ஆழத்தைவிட அகலமான தொட்டி நல்லது.

பூ விடும்வரை காத்திருக்க வேண்டாம். மண்ணிலிருந்து 2 அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள், வெட்ட வெட்டத்தான் துளிர்க்கும்.

நம் புதினாவில் மிட்டாய் போல 'ஜில்' இல்லையே என்று ஒருவர் கேட்டார். அந்த ஜில் மென்தால் என்ற பொருளால் வருவது, அது மிளகுப் புதினா (பெப்பர்மின்ட்) போன்ற வகைகளில்தான் அதிகம். நம்முடையதன் வாசனை கார்வோன் என்ற எண்ணெய்ப் பொருளால் வருவது. துவையலுக்கும் பிரியாணிக்கும் இதுதான் சரி.

துவையலுக்கு இலையை ரொம்ப வதக்காதீர்கள், சுருண்டதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கறுத்தால் கசக்கும்.

எத்தனை பேருக்கு வேண்டும் என்று சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள், காலையில்தான் வெட்டுவேன்.