வம்பு 2016 இல் தொடங்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜேர்மன் தொலைக்காட்சி நகைச்சுவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய தலைமுறை நாகரிகமாகச் சிரிக்க வைத்தது, புதிய தலைமுறை வாய்த்துடுக்கால் வம்பை விலைக்கு வாங்குகிறது என்கிறார் கட்டுரையாளர். 1986 இல் ஜேர்மனிக்கு வந்து, பாதி ஜேர்மன் மொழியைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தே கற்றுக்கொண்டவன் நான். எனக்கு இது ஒப்பவில்லை.

துருக்கி அதிபர் எர்துவானைக் கேலி செய்து நகைச்சுவையாளர் யான் பெமர்மான் 2016 இல் தொலைக்காட்சியில் வாசித்த கவிதையைக் கட்டுரையாளர் உதாரணம் காட்டுகிறார். 1987 ஐ மறந்துவிட்டார். பழைய தலைமுறைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ருடி கரல் வீட்டுப் பாட்டிமாருக்கெல்லாம் செல்லப்பிள்ளை. செய்தி வாசிப்பைக் கேலி செய்த தம் நிகழ்ச்சியில், ஈரானின் தலைவர் கோமேனி காலடியில் பெண்கள் உள்ளாடைகளை வீசுவதுபோல் சில நொடிக் காட்சியை ஒட்டிக் காட்டினார். ஈரான் ஜேர்மன் தூதரக அதிகாரிகளை வெளியேற்றியது, தெஹ்ரானில் இருந்த ஜேர்மன் மொழி, பண்பாட்டு மையமான கேத்தே நிறுவனத்தை மூடியது. கரல் மன்னிப்புக் கேட்டார். பெமர்மான் கேட்கவில்லை. வெளிநாட்டுத் தலைவர்களை அவமதித்தால் தண்டிக்கும் பழைய ஜேர்மன் சட்டப் பிரிவுதான் கடைசியில் 2018 இல் போனது. மாற்றம் என்று எழுதுவதானால் இதை அல்லவா எழுத வேண்டும்!

பழைய தலைமுறை நகைச்சுவைக் கலைஞர் லோரியோ விஷயத்தில் மட்டும் கட்டுரையாளரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். அவருடைய ஒரு காட்சியில், உணவகத்தில் ஒருவர் எதிரே இருக்கும் பெண்ணிடம் காதலைச் சொல்கிறார். அவர் முகத்தில் சிறு நூடுல்ஸ் துண்டு ஒட்டியிருக்கிறது. அவள் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் 'இப்போது எதுவும் பேசாதீர்கள்' என்று தடுத்துவிடுகிறார். துண்டோ முகத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அப்போது அரைகுறை மொழிதான், ஆனால் அந்தப் பெண்ணாக நடித்த எவ்வெலின் ஹாமானின் கண்கள் போதுமாயிருந்தன. இன்றைய வேகத்தில் அந்த மௌனத்துக்கு யாரும் இடம் தருவதில்லை.

கட்டுரையில் நகைச்சுவையாளர் காயா யானாரின் பெயரே இல்லாதது பெரிய குறை. துருக்கிப் பின்னணியுள்ள, ஃபிராங்ஃபுர்ட்டில் பிறந்த அவர் 2001 இல் ஜாட் ஐன்ஸ் அலைவரிசையில் வந்தபோதுதான் எங்களைப் போன்ற வீடுகளின் பிள்ளைகள் தங்களுக்கும் இங்கே ஒரு மேடை உண்டு என்று கண்டார்கள். அவருடைய இந்தியப் பாத்திரமான ரஞ்சித்தைப் பார்த்து என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான், எனக்கு உள்ளூரக் கசந்தது. இப்போது தன் மகளோடு பழைய காட்சிகளைப் பார்க்கையில் அந்த முகப்பூச்சும் உச்சரிப்பும் வந்ததும் அவனே பொத்தானை அழுத்திக் கடந்துவிடுகிறான். நான்தான் 'கொஞ்சம் விடு, பார்ப்போம்' என்கிறேன்.

ஒரு திருத்தமும் உண்டு. புத்தாண்டுக்கு முந்திய இரவில் இங்கு ஆண்டுதோறும் காட்டும் 'டின்னர் ஃபார் ஒன்' என்ற குறு நகைச்சுவை நாடகம், கட்டுரையில் சொன்னதுபோல் ஜேர்மன் நாடகம் அல்ல. 1963 இல் ஹம்பூர்க்கில் பதிவானது என்றாலும் நடிகர்கள் இருவரும் பிரித்தானியர், வசனம் முழுக்க ஆங்கிலம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டோர்ட்முண்ட்