சத்தி எடுத்த கையோட பல்லுத் தீட்டாதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில பல்லைப் பற்றி வாற குறிப்பெல்லாம் விடாமல் வாசிக்கிறனான், எல்லாத்திலயும் இனிப்பைக் குறையுங்கோ, ரெண்டு நேரம் பல்லுத் தீட்டுங்கோ எண்டுதான் இருக்கும், அது சரிதான், ஆனா என்ர பெறாமகளுக்கு நடந்தது அதில ஒண்டிலயும் இல்லை. அவவைக் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறன், பேர் மட்டும் போட வேண்டாமாம்.

ஏஎல் படிக்க எண்டு எங்கட வீட்டில வந்து நிண்டவ. தேத்தண்ணியை வாயில வைச்ச உடன முகத்தைச் சுழிப்பா, பல்லுக் கூசுது பெரியம்மா எண்டுவா. ஒருநாள் முத்தத்து வெயிலுக்க நிண்டு தலை இழுக்கேக்க பாத்தன், மேல் முன்பல்லு ரெண்டின்ர நுனியும் மெல்லிசாகி அங்கால வெளிச்சம் தெரியுது. சிரிக்கேக்க கையால வாயைப் பொத்துறதை நான் வெக்கம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

தங்கச்சி வந்து பாத்துப்போட்டு பல்லு ஒழுங்காத் தீட்டுறேல்லை எண்டு பேசி, முரட்டுத் தும்பு பிரஷ் ஒண்டு வாங்கிக் குடுத்தவ. காசு கட்டிக் காட்டின பல் டொக்டரும் சோடா குடிக்கிறனியோ எண்டு ஏசி ஒரு பேஸ்ட் எழுதிக் குடுத்து அனுப்பிப்போட்டார். பிள்ளை என்ன செய்தவ எண்டா, சாப்பிட்ட பிறகு கிணத்தடிப் பக்கம் போய்ச் சத்தி எடுக்கிறது, மணக்கக் கூடாது எண்டு உடனயே அந்தப் பிரஷால தேய் தேய் எண்டு தேய்க்கிறது, இப்பிடி ஒண்டரை வருசம்.

பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். அங்க ஒரு பொம்பிளை டொக்டர், சின்னக் கண்ணாடியை விட்டு மேல் பல்லின்ர உள்பக்கத்தைப் பாத்துப்போட்டு என்னை வெளியில இருக்கச் சொல்லிப்போட்டா. அரை மணித்தியாலத்தால கூப்பிடேக்க பிள்ளை அழுது முடிச்சிருந்தவ.

அந்த டொக்டர் விளங்கப்படுத்தினதை அப்பிடியே எழுதுறன், ஆருக்காவது உதவும். பல்லின்ர மேல்தோல், எனாமல், பிஎச் எண்ட அமில அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூட) 5.5க்குக் கீழ போனாலே கரையத் தொடங்குமாம், வயித்து அமிலம் 1, 2 அளவில நிக்கிறது. நாக்குப் படுற பக்கம் கரைஞ்சிருந்தா அது அனேகமா வயித்தில இருந்து மேல வாற அமிலம், நெஞ்செரிவுக்காரருக்கும் அப்பிடி வரும், அதால எடுத்த எடுப்பில பிள்ளையளைக் குற்றம் சொல்லவும் கூடாது. சத்தி எடுத்த உடன எனாமல் இளகிப் போயிருக்கும், அப்ப தேய்ச்சா தோலோட வந்திடும். தண்ணியாலயோ அப்பச்சோடா கொஞ்சம் கரைச்ச தண்ணியாலயோ கொப்புளிச்சுப்போட்டு அரை மணித்தியாலத்துக்கு மேல பொறுக்க வேணும். போன எனாமல் திரும்ப வளராது. தாடையோரம் கூகைக்கட்டு மாதிரி வீங்கிறதும் இந்த வருத்தத்தில வாறதுதானாம், நாங்கள் அதுக்குப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தனாங்கள்.

இதுக்குப் பேர் புலிமியா, அளவுக்கு மீறிச் சாப்பிட்டுப்போட்டு உடம்பு வைச்சிடும் எண்ட பயத்தில அதைச் சத்தி எடுக்கிற மனநல வருத்தம். லண்டனில ஜெரால்ட் ரசல் எண்ட டொக்டர் 1979 இல பேர் வைச்சு எழுதின வருத்தம், புதுசு இல்லை. எங்களுக்குத்தான் புதுசு. 2009 இல ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு ஷெல்லுக்க வரிசையில நிண்ட சனம் நாங்கள், சோத்தைக் கொட்டுறதே பாவம் எண்டு வளந்த வீட்டில ஒரு பிள்ளை சாப்பிட்டதை வேணுமெண்டு சத்தி எடுக்கிறா எண்டா தங்கச்சியால அதை நம்பவே ஏலாமல் போச்சு, கொழுப்பு எண்டு சொல்லிப்போட்டா. பிள்ளைக்கும் அது தெரியும். தெரிஞ்சபடியாத்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கொழுப்பு இல்லை, வருத்தம். ஆர் வந்தாலும் முதல் கதை என்ன பிள்ளை நல்லா உடம்பு வைச்சிட்டாய் எண்டதுதானே, அதைக் கேட்டுக் கேட்டுத் துவங்கினதாம்.

பல்லுப் போனா பல்லு மட்டும் போறேல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரமாட்டன் எண்டவ, அங்க ஐஸ்கிறீம் வாங்கித் தருவினம், கூசும், ஏன் எண்டு கேப்பினம். கலியாண வீட்டுப் படங்களில வாயை மூடிக்கொண்டு ஓரமா நிக்கிறா. வகுப்பில ரீச்சர் கேள்வி கேட்டா விடை தெரிஞ்சும் எழும்புறேல்லை. பதினெட்டு வயசுப் பிள்ளை.

பல் டொக்டர்மாரிட்ட ஒண்டு கேக்கிறன், பல்லின்ர உள்பக்கம் கரைஞ்சு கிடக்கிறதைக் கண்டா ஏசாமல், கூட வந்த ஆக்களை வெளியில விட்டுப்போட்டு மெதுவா ஒருக்காக் கேளுங்கோ, வீட்டுக்காரருக்கு முன்னம் காணுறது நீங்கள்தான். பல்லு டொக்டரிட்டப் போற பிள்ளை மனநல டொக்டரிட்ட லேசில போகாது, பெடியளுக்கும் இது வரும். பேப்பரில 1926 எண்ட மனநல உதவி நம்பரையும் அடிக்கடி போடுங்கோ.

இப்ப மனநலப் பிரிவுக்கு மாதம் ஒருக்காப் போறம். முன்பல்லை அடைச்சுக் கட்டலாமாம், ஆனா சத்தி முழுக்க நிண்டாத்தான் கட்டினது நிக்கும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. அதுவரைக்கும் தேத்தண்ணியை ஆத்தி இளஞ்சூட்டில குடுக்கிறன், சாப்பிட்டு முடிய நானும் அவவோட திண்ணையில இருந்து ஏதாவது கதைச்சுக்கொண்டிருப்பன், கிணத்தடிக்குப் போக விடாமல் மறிக்கிறது எண்டில்லை, தனிய விடாமல்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
புதுக்குடியிருப்பு.