‘தொடர்பற்றவர்கள்’ என்ற சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு மலரில் திருகோணமலையைச் சுற்றிப் பார்ப்பது பற்றிய கட்டுரையை வாசித்தேன். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாமலை என வழக்கமான சுற்றை முடித்த கட்டுரையாளர், நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்கு மூன்று வரிகளை ஒதுக்கியிருக்கிறார். ‘நமக்கு எவ்விதத் தொடர்புமற்ற அந்நியச் சிப்பாய்கள் உறங்கும் இவ்விடம், படம் பிடித்துக்கொள்ள உகந்த அழகிய புல்வெளி’ என்பது அவற்றுள் ஒன்று. நான்கு நாட்களாக அந்த வரியை மறக்க முயன்றேன். முடியாமற் போனதால் எழுதுகிறேன்.

முதலில், தாங்கள் நிச்சயம் அறிந்திருக்கக்கூடிய ஒரு பிழை. புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியை ஒருவரின் தம்பியான கடற்படை அட்மிரல் இந்த மயானத்தில் புதைக்கப்பட்டிருப்பதாகக் கட்டுரை கூறுகிறது. அவர் 1852 ஆம் ஆண்டு பர்மாவில் நோயுற்று இறந்தவர். அவருடைய கல்லறை இருப்பது நகருக்குள்ளே, பழைய ஆங்கிலேயர் மயானத்தில். நிலாவெளி வீதியிலுள்ள மயானமோ இரண்டாம் உலகப் போருக்குரியது. தொண்ணூறு ஆண்டுகளையும் சில மைல்களையும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்ட கட்டுரையாளரின் வேகத்தை நான் வியக்கிறேன். எழுபது வயதைத் தாண்டி இறந்த அட்மிரலுக்கு அக்கா எழுதிய நாவல்கள் இருக்கின்றன, ஆகவே அவர் எந்த மயானத்துக்கும் அழைத்து வரப்படுகிறார். இருபது வயதில் இறந்தவனுக்குப் புல்வெளி என்று பெயர்.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை, ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு வீசின. ஒரு விமானம் எண்ணெய்க் குதமொன்றின் மீது விழுந்து மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில் மூழ்கடிக்கப்பட்டு, 300 பேருக்கு மேல் மாண்டார்கள். வருடப்பிறப்புக்கு ஐந்தே நாட்கள் இருந்த வேளை அது. பலகாரத்துக்கு இடித்த மாவைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு நிலாவெளிப் பக்கமாக நடந்ததை என் தாயார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சிறிய தந்தையார் அன்று காலை துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவருக்கு எங்கும் கல் இல்லை. அதே குண்டில் இறந்த வெள்ளைக்காரப் பையனுக்குக் கல் இருக்கிறது. இதைத்தான் தங்கள் கட்டுரையாளர் ‘எவ்விதத் தொடர்புமற்ற’ என்கிறார் போலும்.

அந்தப் பையன்களில் ஒருவனை எனக்குத் தெரியும் என்றால் தாங்கள் சிரிக்கக்கூடும். எழுபதுகளில் நான் இப்பகுதியின் சிறிய தபாலகமொன்றில் பணியாற்றினேன். நாட்டின் பெயர் மாறி ஓராண்டுக்கு மேலாகியும் ‘சிலோன்’ என்று முகவரியிட்டு, ‘யுத்த மயானத் தோட்டக்காரர் அவர்களுக்கு’ என்று ஒரு கடிதம் இங்கிலாந்திலிருந்து வந்தது. தோட்டக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகையால் கருமபீடத்துக்கு வெளியே அவரை நிற்க வைத்து நானே வாசித்துச் சொன்னேன். எழுதியவர் எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு தாய். ஆட்டுச்சந்தை கூடும் சிறிய ஊர் ஒன்றில் வெதுப்பகமொன்றில் வேலை செய்த அவருடைய மகன், விமானப்படையில் தரைப்பணியாளனாகச் சீனக்குடாவுக்கு வந்து சில வாரங்களிலேயே அந்த வியாழக்கிழமை இறந்துபோனான். அவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, தோல் சிவந்துவிடும், அவன் கிடக்கும் இடத்தில் நிழல் உண்டா என்று அந்த அம்மையார் கேட்டிருந்தார்.

தோட்டக்காரர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் வந்து, வேலியோரத்து வேம்பின் நிழல் காலை எத்தனை மணிவரை அந்தக் கல்லின் மேல் விழுகிறது, பிற்பகல் எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறது என்று சொன்னார். நடுப்பகலில் நிழலே இல்லை என்றும் சொன்னார். அதை விட்டுவிடலாமே என்று நான் கூறியபோது, “பெத்த மனுசிக்குப் பொய் எழுதக் கூடாது தம்பி” என்றார். உள்ளபடியே எழுதினேன். அடுத்த கடிதத்தில் அந்த அம்மையார் நிழலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, எங்கள் ஊரில் மழை எந்த மாதம் தொடங்கும் என்று மட்டும் கேட்டிருந்தார். ஆண்டுக்கு ஒன்றாக ஆறு கடிதங்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டன.

அங்கே உள்ள கற்கள் யாவும் ஒரே அளவானவை. அதிகாரியானாலும் சமையற்காரனானாலும் அதே கல்தான் என்பது அம்மயானங்களைப் பராமரிக்கும் பொதுநலவாய ஆணைக்குழு முதல் உலகப் போர்க் காலத்திலேயே எடுத்த முடிவு. படைப்பிரிவின் சின்னம், பதவி, பெயர், இறந்த திகதி, வயது, அதன் கீழே குடும்பத்தார் விரும்பினால் அவர்கள் தெரிந்தெடுத்த ஒரு வரி. இவற்றை வாசிக்கக் குனிய வேண்டும். படம் பிடிப்பவர்கள் குனிவதில்லை. அந்தப் பையனின் தாய் தெரிந்தெடுத்த வரி எனக்கு மனப்பாடம், ஆனால் அதை இங்கே எழுத மாட்டேன். தங்கள் வடிவமைப்பாளர் அதை ஏதேனும் புல்வெளிப் படத்தின் மேல் அச்சிட்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

தாங்கள் பொறுமையோடு இதுவரை வாசித்திருந்தால், என் மனத்தாங்கல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதல்ல என்பதை ஊகித்திருப்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மகன் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போய் 1999 இல் இறந்தான். அவனுக்கு வயது 19. அவன் போனது பிழை என்று அன்றும் சொன்னவன் நான், அதற்காக அந்தத் தாய் என்னோடு ஓராண்டு பேசாமலும் இருந்தார். ஆனால் சைக்கிள் ‘செயின்’ கழன்றால் என் வீட்டு வாசலில் குந்தியிருந்து மாட்டித் தந்த பிள்ளை அவன். ஆலங்குளத்து மாவீரர் துயிலும் இல்லத்தில் அவனுக்கு ஒரு கல் இருந்தது. 2006 இல் இராணுவம் சம்பூர்ப் பக்கத்தைக் கைப்பற்றியபோது நடந்தவை தங்களுக்குத் தெரியாதவையல்ல. அந்தக் கல் இப்போது இல்லை. மாவீரர் நாளான நவம்பர் 27 இல் அவர் குசினிக்குப் பின்னால், தெருவுக்குத் தெரியாமல் ஒரு விளக்கு வைக்கிறார்.

கொழும்புக்குப் போகும் வழியில், குருநாகல் பக்கத்துச் சந்திகளில், இறந்த சிப்பாய்களின் பெயரால் கட்டப்பட்ட பஸ் தரிப்பிடங்களைப் பார்த்திருக்கிறேன். உத்தியோகத்துக்காகக் கற்ற சிங்களத்தைக் கொண்டு, ஓடும் பஸ்ஸிலிருந்தே பெயரையும் பிறந்த ஆண்டையும் வாசிப்பது என் வழக்கம். அவர்களும் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள்தான். அந்த நிழலில் அவர்களுடைய ஊரவர்கள் மழைக்கு ஒதுங்குகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைத் தாய்க்குத் தரிப்பிடம் வேண்டாம். அவர் கேட்டதெல்லாம் தங்கள் பத்திரிகையில் இரண்டு அங்குலம்.

2019 ஆம் ஆண்டு அந்த இரண்டு அங்குல நினைவஞ்சலியைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான். சீருடைப் படம் வேண்டாம் என்றீர்கள், பாடசாலைப் படம் தந்தோம். கவிதை வேண்டாம் என்றீர்கள், நீக்கினோம். வெளிவந்தபோது ‘போரில் இறந்த’ என்பது ‘அகால மரணமடைந்த’ என்று மாறியிருந்தது, வயதும் விடுபட்டிருந்தது. பாம்பு கடித்தா, விபத்தா என்று கேட்டு வெளியூர் உறவினர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். இது குறித்து அப்போதே நான் எழுதிய கடிதத்தை நான்கு வரிகளாகச் சுருக்கி, வெளியிடாமலும் விட்டீர்கள். தங்களுடைய சங்கடங்களை நான் அறியாதவனல்ல. ஆனால் பயத்தினால் ஒரு பிள்ளையின் வயதை அழித்த அதே பத்திரிகை, எவ்விதப் பயமும் தேவைப்படாத இடத்தில், முந்நூறுக்கு மேற்பட்ட கற்களில் எழுதியிருக்கும் பெயரையும் வயதையும் வாசிக்காமலே ‘தொடர்பற்றவர்கள்’ என்று எழுதுகிறது. அங்கே இந்தியரும் பர்மியரும் டச்சுக்காரரும் இத்தாலியரும் கிடக்கிறார்கள். அவர்களையும் எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி பெற்றாள்.

என் வேண்டுகோள்கள் இரண்டு. அட்மிரலின் கல்லறை எங்கே இருக்கிறது என்பதைத் திருத்தி வெளியிடுங்கள். வருகிற நவம்பரில் எங்கள் ஒழுங்கைத் தாயின் நினைவஞ்சலி மீண்டும் தங்கள் அலுவலகத்துக்கு வரும். அவருக்கு இப்போது 78 வயது. அதில் ‘வயது 19’ என்பதை இம்முறை விட்டுவிடாமல் அச்சிடுங்கள். கட்டணத்தை இக்கடிதத்துடன் காசுக்கட்டளையாக அனுப்பியுள்ளேன். இரண்டு சொற்களுக்கு மேலதிகமாக ஏதும் வருமானால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
உப்புவெளி, திருகோணமலை.
(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும்)