அடிக்காமல் விட்ட ஒரு சொல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். நான் படிக்கும் மானிடவியலைப் பற்றி, ‘அடுத்தவர்களை வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு பட்டமா?’ என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கேலிதான் என்றாலும், இந்நாட்டுக்கு வந்த ஏழு மாதங்களாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன்.

களப்பணிக்காக ஒரு சிறிய துறைமுகத்தில் தங்கியிருக்கிறேன். முதல் மாதம் கேள்வித்தாளோடு அலைந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்தது. எல்லாம் விருந்தாளிக்குச் சொல்லும் பதில். வலைக் கொட்டகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பின்னக் கற்றுக்கொண்ட பிறகுதான், என் காதில் விழும்படி அவர்கள் சண்டை போடத் தொடங்கினார்கள்.

அங்குள்ள முதியவர் ஒருவரிடம் (பெயரை எழுதக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி), அவருக்குப் பின் படகு யாருக்கு என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு வலையின் அடுத்த கண்ணைப் பின்னப் போய்விட்டார். அன்றிரவு குறிப்பேட்டில் ‘கோபம்’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து, கேட்டதை நானே மறந்திருந்த வேளையில், ‘மகளுக்கு’ என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினார். பெரிய கேள்விக்கு உடனே பதில் சொல்வது, கேட்டவரை மதிக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்வதாகும் என்பது அவர் எண்ணம். நான் வெட்கப்பட்டு அந்தச் சொல்லை அடிக்கப் போனபோது, என் பேராசிரியர் தடுத்துவிட்டார். ‘அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் தேதி போட்டுத் திருத்தத்தை எழுது, அது உன்னைப் பற்றிய தகவல்’ என்றார்.

இத்துறையின் முன்னோடியாகப் போற்றப்படும் மாலினோவ்ஸ்கி, 1915 முதல் 1918 வரை இரு தடவையாக, நியூகினிக்கு அருகிலுள்ள ட்ரோபிரியாண்ட் தீவுகளில், ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டு, அம்மக்களின் மொழியைப் பேசி வாழ்ந்தவர். செஞ்சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் வெண்சிப்பி வளைகள் எதிர்த்திசையிலுமாகத் தீவு தீவாகக் கைமாறிச் சுற்றிவரும் ‘குலா’ என்னும் வழக்கத்தை வெறும் பண்டமாற்றாகப் பார்த்தால் ஒன்றுமே விளங்காது, அதற்குள் இருக்கும் நட்பையும் பெயரையும் புகழையும் அவர் பொறுமையாக எடுத்துக்காட்டினார். அதே மனிதர் அந்தரங்கமாக எழுதிவைத்த நாட்குறிப்பு, அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1967இல் வெளிவந்தபோது, அம்மக்கள்மேல் அவர் கொட்டியிருந்த எரிச்சலைப் படித்துப் பலர் அதிர்ந்தார்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அப்பா. எனக்கு அதிர்ச்சியைவிட ஆறுதலே அதிகம். அவருடைய குறிப்பிலும் அடிக்காமல் விட்ட சொற்கள் இருந்திருக்கின்றன.

போன வாரம் முதியவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: ‘உன் அப்பா உன்னை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினார்?’ நான் தலையைக் குனிந்து அடுத்த கண்ணைப் பின்னத் தொடங்கினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. உங்கள் பதிலை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவரிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்