ஓவிய ரசனை மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மன்றத்தின் அன்பார்ந்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான மன்றச் செயல்பாடுகளின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இன்று வர இயலாதவர்களுக்கும் இதன் நகல் அனுப்பப்படவிருப்பதாலும், அவர்களே பெரும்பான்மையினர் என்பதாலும், அறிக்கை சற்று விரிவாகவே எழுதப்பட்டுள்ளது.

மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தக்கலையில் நூலக மாடியறையில் கூட்டம் நடைபெற்றது. கோட்டாறு சவேரியார் திருவிழாவை முன்னிட்டு டிசம்பரிலும், மண்டைக்காட்டுக் கொடையை முன்னிட்டு மார்ச்சிலும் கூட்டம் நடைபெறவில்லை. அவ்விரு திருவிழாக்களுக்கும் தவறாமல் சென்றுவந்த உறுப்பினர்கள் ஏனைய மாதங்களில் எங்கே சென்றிருந்தார்கள் என்பது செயற்குழுவின் கவனத்துக்கு வரவில்லை. மே மாதம் சிறுவர்களுக்கான கோடை வகுப்பு நடைபெற்றது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கப்பட்டது. குடியரசு தினத்தை ஒட்டிப் பள்ளி மாணவர்களுக்கான ஓவியப் போட்டி வழக்கம்போல் நடைபெற்றது. சில படங்களைப் பெற்றோர் முடித்துக் கொடுத்ததாக நடுவர்கள் கருதினர்.

இனி, கடந்த பொதுக்குழு ஒப்புதல் அளித்த மாதம் ஓர் ஓவியம் என்னும் திட்டம் குறித்துச் சொல்ல வேண்டும். இதைப் பற்றிப் பலவிதமான பேச்சுகள் வெளியில் உலவுவதால், நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமை. உலகப் புகழ்பெற்ற ஓர் ஓவியத்தின் வண்ணப் பதிப்பை, இயன்றவரை அசல் ஓவியத்தின் அளவிலேயே அச்சிட்டுச் சுவரில் மாட்டி, முதல் கால் மணி நேரம் எவரும் பேசாமல் அதைப் பார்ப்பது. பின்னர், படம் நன்றாயிருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, தம் கண்ணில் பட்டதையும் மனத்தில் தோன்றியதையும் மட்டும் ஒவ்வொருவரும் சொல்வது. ஓவியர் யார், எந்தச் சூழலில் வரைந்தார் என்பதை அதன் பிறகே வாசிப்பது. வீட்டுக்குச் சென்று, அந்தப் படம் கிளப்பிவிட்ட உணர்வைத் தம் போக்கில் வரைந்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவது. பார்த்ததை நகலெடுக்கக் கூடாது என்பது. இவையே திட்டத்தின் விதிகள். கை பழகாதவர்களும் வரையலாம் என்பதை நான் வலியுறுத்தினேன். வரையத் தெரியாதவர்களுக்கு ஓவிய மன்றம் எதற்கு என்று கேட்ட மூத்த உறுப்பினருக்கு என் பதில், வரையத் தெரிந்த உறுப்பினர்கள் ஓராண்டாக ஒரு கோடுகூட இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதுதான்.

அசல் அளவு எதற்கு, கைப்பேசியில் பார்த்தால் ஆகாதா என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்தது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படத்தை ஜூலைக் கூட்டத்தில் வைத்தபோது அதற்கு விடை கிடைத்ததாக நான் கருதுகிறேன். 1831ஆம் ஆண்டு வாக்கில், தம் எழுபதாவது வயதையொட்டி அவர் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்ட அந்தப் படம் உலகமெல்லாம் சுவர் நிறைய வரையப்பட்டிருப்பதால் பிரம்மாண்டமானது என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். உண்மையில் அது 26 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் மட்டுமே உடையது. ஏ3 தாளுக்குள் அடங்கிவிடும். அதைப் பார்க்க ஒவ்வொருவராகச் சுவரருகே குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அப்படி நின்றபோதுதான், அலைக்கு அடியில் மூன்று படகுகளும், அவற்றில் துடுப்பின்மேல் குப்புறப் படிந்திருக்கும் மனிதர்களும் இருப்பது கண்ணில் பட்டது. குளச்சல் பக்கத்திலிருந்து வரும் நம் உறுப்பினர், கடலில் பல்லாண்டு தொழில் செய்தவர், நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, அணியத்தை (படகின் முன்முனையை) அலைக்குக் கொடுத்திருக்கிறான், விலாவைக் கொடுக்கவில்லை, ஆகையால் தப்பிவிடுவான் என்றார். அந்தப் படகுகள் மீனை விரைவாகக் கரைசேர்க்கும் துடுப்புப் படகுகள் என்ற விவரத்தை நான் வாசித்தது அதற்குப் பிறகுதான். ஐரோப்பாவில் உருவான புரூசிய நீலம் ஜப்பானை எட்டியதால்தான் அலைக்கு அந்த நிறம் வாய்த்தது என்பதையும் வாசித்தேன். ஆனால் அன்று அவர் சொன்னதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இருக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சகோதரி கொண்டுவந்த படத்தில் கரையில் வரிசையாக நிற்கும் பெண்களின் முதுகுகள் மட்டும் இருந்தன. தாளின் மேற்பாதி வெள்ளையாகவே விடப்பட்டிருந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது அவர் குடும்பம் பட்டதை இங்கே பலர் அறிவர். கடலை வரையாமல் விட்டது குறை என ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். அந்த உறுப்பினர் அதற்குப் பின் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புகிறேன்.

வான்கா வரைந்த விண்மீன் இரவு செப்டம்பரில் வைக்கப்பட்டது. 74 செ.மீ. உயரமும் 92 செ.மீ. அகலமும் உள்ள ஓவியம் அது. அதை அந்த அளவிலேயே தடித்த தாளில் அச்சிட்டதற்கான செலவுதான் கணக்கில் பலருடைய கண்ணை உறுத்தியது என்பதை அறிவேன். வண்ணக்குழம்பு சுழன்று செல்லும் பாதையைக் கைப்பேசித் திரையில் பின்தொடர இயலாது என்பதைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை. 1889 மே மாதம் பிரான்சின் செயின்ட் ரெமியில் உள்ள மனநலக் காப்பகத்தில் தாமாகவே சேர்ந்த வான்கா, ஜூன் மாதத்தில் இதை வரைந்தார். தம் படுக்கையறைச் சன்னல் வழியே கண்ட வானத்தை, பகல் நேரத்தில், வேறோர் அறையில் அமர்ந்து, நினைவிலிருந்து வரைந்தார். படத்தில் உள்ள ஊர் அந்தச் சன்னலிலிருந்து தெரிவதில்லை. உணர்ச்சி பொங்கும்போதே தூரிகையை எடுத்துவிட வேண்டும் என்பவர்களுக்காக இதை எடுத்துச் சொன்னேன். பொங்கியதை ஆறவைத்து, பகலில் உட்கார்ந்து, தம் மனம் கேட்ட ஊரையும் சேர்த்துக்கொண்டு வரைந்திருக்கிறார் அவர். உறுப்பினர்களுக்கு ஒரு மாத அவகாசம் அளிக்கப்படுவதன் காரணமும் இதுவே. படம் கொண்டுவராமல் இருப்பதற்கான அவகாசமாக அதைக் கொள்ளலாகாது.

இதற்கு எதிர்வினையாகக் குலசேகரம் பக்கத்திலிருந்து வரும், ரப்பர் பால் வெட்டும் தொழில் செய்யும் நம் இளைஞர் வரைந்த படத்தை இந்த ஆண்டின் ஆகச்சிறந்த படமாக நான் கருதுகிறேன். தாள் முழுவதும் கறுப்பு. தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் விழும் அளவுக்கு மட்டும் ஒரு மரப்பட்டை, அதில் சாய்வாக ஒரு வெட்டு, கீழே சிரட்டை. அவ்வளவுதான். விடியுமுன் தோட்டத்தில் தனியாக நிற்பவனின் பயமும் நிம்மதியும் இரண்டும் அதில் இருப்பதாகத் தலைவர் கூறினார். இந்தப் படத்தை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தபோது, எல்.கே.ஜி. படம் என்று ஒருவர் எழுதினார். சிலர் அதற்குச் சிரிப்புக்குறி இட்டனர். அவர்களில் எவரும் படத்தை நேரில் பார்த்தவரல்லர்.

ஆகவேதான், முன்பே தீர்மானித்திருந்த ஓவியத்தைத் தள்ளிவைத்து, அடுத்த கூட்டத்தில் எட்வர்ட் மூங்க்கின் அலறல் ஓவியத்தை வைத்தேன். வரிசையை மாற்ற எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு என்றே கருதுகிறேன். 1893இல் அட்டையில் வரையப்பட்ட அந்த ஓவியத்தின் மேல் மூலையில், இதைப் பைத்தியக்காரன் ஒருவனால்தான் வரைந்திருக்க முடியும் என்னும் பொருளில் பென்சிலால் சிறியதாக ஒரு வரி எழுதப்பட்டுள்ளது. பார்வையாளர் எவரோ கிறுக்கியது என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். 2021இல் நார்வேயின் தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படம் எடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து, அது மூங்க்கின் கையெழுத்தேதான் என்று அறிவித்தது. 1895இல் இந்த ஓவியம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அவருடைய மனநிலை குறித்தே பொதுவில் ஐயம் எழுப்பப்பட்டது என்பதும், பட்ட காயத்தை அவர் படத்தின்மேலேயே எழுதிவைத்திருக்கக்கூடும் என்று கருதப்படுவதும் இங்கே கவனத்துக்குரியவை. குழுவில் எழுதியவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ரவிவர்மா கூட்டத்துக்கு மட்டும் நாற்காலிகள் போதவில்லை என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். நம் மாவட்டம் முன்பு சேர்ந்திருந்த அதே திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848இல் பிறந்தவர் அவர். 1894இல் மும்பையில் தொடங்கிய அவருடைய அச்சகத்தின் வழியாக அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூசையறைகளுக்கு வந்துசேர்ந்தார்கள். காலில் முள் எடுப்பதுபோல் நின்று துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையைப் பற்றிப் பேச அனைவருக்கும் விஷயம் இருந்தது. எனினும், பழம்பொரியும் தேநீரும் வந்தபின் அறையில் எஞ்சியவர்கள் வழக்கமாக வருபவர்களே.

பிப்ரவரியில் திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலுக்குச் சிற்றுலா சென்றோம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சுவரோவியங்களில் இன்று மங்கிய சில கோடுகளே எஞ்சியுள்ளன. வந்தவர்களில் சிலருக்கு ஏமாற்றம், சிலருக்கு அந்த மிச்சமே போதுமானதாக இருந்தது. திரும்பும் வழியில் இளைஞர்கள் வெட்டுக்கல் துண்டுகளைப் பொறுக்கி, நீர்விட்டு உரைத்து, அந்தச் செந்நிறத்தைக் கொண்டு வரைந்து பார்த்தார்கள். இதற்கு மன்றத்துக்குச் செலவு ஏதும் இல்லை.

வரவு செலவைப் பொருத்தவரை, விவரமான கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார். பொதுவாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையுமாக வந்தது பதிப்புகள், வாடகை, தேநீர், இதர வகைகளில் செலவாயிற்று. இடையில் உள்ள சிறு பற்றாக்குறையைச் சிலர் தற்காலிகமாக ஏற்றுள்ளனர். அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதைக் குறிப்பிடாமல் விடவே எண்ணியிருந்தேன். ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். பதிவேட்டில் உள்ள உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைச் செலுத்தவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாமெனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை; பட்டியல் பொருளாளரிடம் உள்ளது, எவரும் பார்வையிடலாம். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் உறுப்பினர்கள் குழுவில் பகிரப்படும் ஒவ்வொரு படத்துக்கும் மறவாமல் இதயக்குறி இடுகிறார்கள். அந்த அன்பு கணக்கேட்டில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

மாடியறையை அளித்துதவும் நூலகத்தாருக்கும், கோடை வகுப்பை நடத்திய ஓவிய ஆசிரியர்களுக்கும், போட்டியின் நடுவர்களுக்கும், தேநீர் பொறுப்பை ஏற்ற சகோதரிகளுக்கும், தலைவர், பொருளாளர் உள்ளிட்ட செயற்குழுவினருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் அம்ரிதா ஷெர்கில் தம் தென்னிந்தியப் பயணத்துக்குப் பின் 1937இல் வரைந்த ஓவியங்களையும், மகனைப் போரில் இழந்த கேத்தே கோல்விட்ஸின் கறுப்பு வெள்ளைப் பதிப்போவியங்களையும் வைக்கத் திட்டமுள்ளது. பிக்காசோவின் குவெர்னிக்காவை வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். 1937இல் ஒரு ஸ்பானிய ஊரின்மேல் விழுந்த குண்டுகளுக்கு மறுமொழியாக, சிவப்பு என்பதே இல்லாமல் கறுப்பிலும் வெள்ளையிலும் சாம்பலிலும் வரையப்பட்ட அந்த ஓவியம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் கொண்டது. நூலக மாடியறையில் அவ்வளவு பெரிய சுவர் இல்லை. அத்தகைய சுவர் உள்ள திருமண மண்டபம் நம் உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிறது. முகூர்த்தமில்லாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆடியிலும் மார்கழியிலும் போதுமான அளவு வருகின்றன. அவர் இன்று வரவில்லையாயினும் நகல் அவருக்கும் செல்லும்.

செயலாளர் பொறுப்பை இளையவர் எவரேனும் ஏற்க முன்வந்தால், அலமாரிச் சாவியையும் நடவடிக்கைப் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்க ஆயத்தமாயிருக்கிறேன். எவரும் முன்வராத நிலையில் பொதுக்குழு வற்புறுத்துமானால், அதை மறுக்கும் எண்ணம் எனக்கில்லை. அவ்வாறாயின் பதிப்புகளுக்கெனத் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பதையும், படங்களின் அளவைச் செயற்குழு குறைக்கலாகாது என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தா செலுத்த விரும்புவோரின் வசதிக்காகப் பொருளாளர் தேநீர் மேசைக்கு அருகிலேயே ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்; சில்லறையும் வைத்திருக்கிறார்.

பணிவுடன்,
செயலாளர்