மாப்பிள்ளையின் கையெழுத்து

லண்டன்,
ஆகஸ்ட் 28, 1812

அன்பு மகளுக்கு,

ஊர் காலியாகிவிட்டது. விருந்துகளும் முடிந்தன. பிரபுக்கள் சபையில் கத்தோலிக்கருக்கு உரிமை கேட்ட பிரேரணை 125-க்கு 126 என்று ஒரே ஓட்டில் தோற்றுப்போனதை உன் அப்பா இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். யார் பக்கத்தில் யாரை உட்காரவைத்தால் மனம் இளகும் என்பது உனக்கு வருகிற மாதிரி எனக்கே வராது. நீ மட்டும் வந்திருந்தால் அந்த ஒரு ஓட்டைச் சாப்பாட்டு மேஜையிலேயே பிடித்திருப்போம். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்தது. நாலே வரி. தபால்காரனுக்குக் காசு நான்தான் கொடுத்தேன். காசு பெரிதில்லை. ஆனால் மாப்பிள்ளை பார்லிமென்ட் உறுப்பினர். அவர் தன் கையால் முகவரியும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இலவசமாகவே வந்திருக்கும். அவர் ஊரில் இல்லையோ? சரி, இருக்கட்டும். பதில் போடு.

லேடி பெஸ்பரோவின் மகள் கரோலின் சங்கதி அங்கேயும் எட்டியிருக்கும். இந்த மாதம் வீட்டைவிட்டு ஓடிப்போனாள்; அந்தக் கவிஞர் பைரன் பிரபுவே தேடிப்பிடித்துக் கொண்டுவந்து விட்டார். பெற்றவள் படுத்த படுக்கை. இனி அயர்லாந்துக்குக் கூட்டிப்போகிறார்களாம், பேச்சு அடங்கட்டும் என்று.

லேடி ஹாலண்டைப் பார். விக் கட்சியில் பாதி முடிவு அவள் மேஜையில்தான். மேஜையில் நெருக்கடி என்றால் எவ்வளவு பெரிய மனிதரையும் "நகர்ந்து உட்காரும்" என்று அதட்டுவாள். அப்பா போய்ச் சாப்பிட்டு வருவார். நான் அந்த வாசலை மிதிப்பதில்லை, என்னைப்போல் பலரும். 1797-இல் விவாகரத்து ஆனவள் என்பதுதான் காரணம். அதை அவள் சட்டை செய்வதில்லை என்றே வைத்துக்கொள். பிள்ளைகள்? முதல் புருஷனிடம் போய்விட்டார்கள். சின்னவள் ஹாரியட் தட்டம்மையில் செத்துப்போனதாக இத்தாலியில் கதைகட்டி ஒளித்துவைத்தாள். 1799-இல் அவளையும் கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டம் தகப்பன் பக்கம். பணமோ அழகோ மந்திரிமார் சிநேகமோ அதற்குமுன் செல்லாது.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ கெட்டிக்காரி, உனக்குச் சொல்ல வேண்டுமா?

பையனுக்குப் பல் முளைத்ததா? இரவில் அழுகிறானா? பதில் போடு, இரண்டு பக்கமாவது எழுது. இங்கே வர ஆசையிருந்தால் வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையோடு வா, பையனையும் தூக்கிக்கொண்டு வா. தனியாக மட்டும் வண்டி ஏறிவிடாதே.

அம்மா